மணி அடிச்சாச்சா? – மறதி நோயைப் பற்றி ஒரு தனி நடனம் உருவான விதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களுக்கு,

வழக்கமாக இந்தப் பக்கத்தில் நம் வார்டுகளில் நடப்பவற்றையே எழுதி வருகிறேன். இம்முறை ஒரு நடனத்தைப் பற்றி எழுதுகிறேன். ஆஸ்பத்திரி ஆயருக்கும் நடனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். ஓராண்டுக்கு முன் என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன்.

என் மூத்த சகோதரி ராசிபுரம் பக்கத்தில் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்தார்கள். பள்ளி வாசலில் வேப்பமரக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதுதான் பள்ளி மணி. அந்த மணி அடிப்பதற்கு முன் அக்கா ஒரு நாளும் வகுப்பறைக்குள் இல்லாமல் இருந்ததில்லை. இப்போது அவர்களுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் கேட்பது, மத்தியானம் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்பது, நள்ளிரவில் எழுந்து கேட்பது எல்லாம் ஒரே கேள்விதான்: "தம்பி, மணி அடிச்சாச்சா?"

டாக்டர்கள் டிமென்ஷியா என்று சொல்லும் மறதி நோய் அக்காவுக்கு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அக்காவின் மகள்வழிப் பேத்தி முறையாகப் பரதநாட்டியம் பயின்றவள். அவள் இந்தக் கேள்வியை வைத்து இருபது நிமிட நேரத் தனி நடனம் ஒன்றை அமைத்தாள். அதற்கு எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் அது உதவும் என்று நம்பி, அப்போது கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

மறப்பது எது, மறவாதது எது?

வயதானால் மறதி வருவது சகஜம்தான். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது நோயல்ல. கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்து, இது எதற்கு என்று திகைப்பதுதான் நோயின் அடையாளம். 1906-ஆம் ஆண்டு ஜெர்மனியில் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், ஐம்பத்தொரு வயதில் ஆஸ்பத்திரிக்கு வந்து ஐம்பத்தைந்து வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையில் தாம் கண்ட மாற்றங்களை மருத்துவர் கூட்டத்தில் விவரித்தார். அவர் பெயரால் வழங்கும் அல்சைமர் நோய்தான் மறதி நோய்களில் அதிகமாகக் காணப்படுவது. மூளை இரத்தக் குழாய்களின் பழுதால் வருவது இன்னொரு வகை. நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

அல்சைமர் நோய் மூளை முழுவதையும் ஒரே நாளில் தாக்குவதில்லை. புதிய நினைவுகளைப் பதித்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் சிறு பகுதியைப் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோவதும், அறுபது ஆண்டுக்கு முந்திய பள்ளிக்கூட மணி நினைவில் நிற்பதும் இதனால்தான். சைக்கிள் மிதிப்பது, பூக் கட்டுவது, மாவு பிசைவது, தாளம் போடுவது போன்ற கைப்பழக்கங்களையும் கால் பழக்கங்களையும் மூளையின் வேறு பகுதிகள் காத்து வைத்திருக்கின்றன. அவற்றை நோய் பிந்தியே சென்று சேருகிறது. பெயரை மறந்தவர் பாட்டை மறப்பதில்லை என்று நம் முன்னோர் அனுபவத்தில் கண்டிருப்பார்கள். வார்டில் நானே பலமுறை கண்டிருக்கிறேன். சொந்த மகனை யாரென்று கேட்கும் மூதாட்டி, பழைய கீர்த்தனை ஒன்றை நான் தொடங்கினால் சரணம் வரைக்கும் கூடவே பாடிவிடுவார்.

2020-ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்பெயின் நாட்டிலிருந்து ஒரு வீடியோ உலகமெங்கும் பரவியது. உங்களில் சிலர் உங்கள் பிள்ளைகளின் செல்போனில் பார்த்திருப்பீர்கள். மார்த்தா கொன்சாலெஸ் என்னும் முன்னாள் பாலே நடனக் கலைஞர் அல்சைமர் நோயோடு சக்கர நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். காதுகளில் கருவியை மாட்டி, சைக்கோவ்ஸ்கியின் அன்ன ஏரி இசையைக் கேட்கச் செய்கிறார்கள். சிறிது நேரத்தில் அவருடைய இரு கைகளும் அன்னத்தின் சிறகுகளாக எழுகின்றன, முகம் நிமிர்கிறது. வீடியோ பரவியபோது அவர் உயிரோடு இல்லை, 2019-இலேயே மறைந்துவிட்டார். வீடியோவின் இடையில் வரும் இளம் நடனக்காரி அவரல்ல, வேறொரு கலைஞர். ஆனால் நாற்காலியில் எழுந்த அந்தக் கைகள் அவருடையவைதான்.

பேத்தி அந்த வீடியோவை எனக்குக் காட்டியபோது, "தாத்தா, எங்க அம்மாயிக்குள்ளேயும் இப்படி ஒண்ணு இருக்கும். அதைத்தான் நான் ஆடப்போறேன்" என்றாள்.

நடனமும் நம் சபைகளும்

பரதநாட்டியம் என்றதும் நம் சபையாரில் சிலருக்குத் தயக்கம் வருவதுண்டு. உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாகத் தாவீது ராஜா நடனமாடினதையும், மனைவி மீகாள் அதை இகழ்ந்ததையும் நாம் வாசித்திருக்கிறோம். நம் தமிழ்நாட்டுச் சரித்திரத்திலும் ஒரு செய்தி உண்டு. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரும், நம் கீர்த்தனைகள் பலவற்றைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரும் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர்கள். அதே சரபோஜியின் அவையில்தான் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரும் இருந்தார்கள். அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்று மேடையில் காணும் நிகழ்ச்சி முறையை ஒழுங்கு செய்தவர்கள் அவர்களே.

நம் காலத்தில், 1977-இல் திருச்சியில் அருட்தந்தை எஸ். எம். ஜார்ஜ் தொடங்கிய கலைக்காவிரி பெரிய நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்து பரதநாட்டியத்தில் பட்டப்படிப்பு தந்து வருகிறது. பிரான்சிஸ் பர்போசா சுவிசேஷக் காட்சிகளுக்கென்று புதிய கை முத்திரைகளையே அமைத்தவர். ஆகவே எங்கள் வீட்டுப் பேத்தி செய்தது ஒன்றும் புதுமையல்ல.

மறதி நோயை நடனத்தில் சொல்வதும் புதிதல்ல. கொல்கத்தாவிலிருந்து சென்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வாழும் விசாகா சர்க்கார் என்னும் மூத்த நடனக் கலைஞர், முதுமையையும் மறதி நோயையும் பொருளாகக் கொண்டு தமது கலையை அமைத்திருக்கிறார். அவரைப் பற்றி அறிந்ததும்தான் பேத்திக்குத் துணிவு வந்தது.

ஒரே அடியைப் பல முறை பாடுவது ஏன்?

நடனம் தெரியாத எனக்கு அவள் முதலில் விளக்கியது இது. பரதநாட்டியத்தில் பதம் என்று ஒரு வகை உண்டு. அதில் பாடகர் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். ஆடுபவர் ஒவ்வொரு முறையும் அதே சொற்களுக்கு வேறு வேறு பொருள் காட்டுவார். "வருவாரோ" என்று பாட்டில் வந்தால், முதல் தடவை வாசலை எட்டிப் பார்ப்பார். அடுத்த தடவை பழைய சந்திப்பை நினைப்பார். மூன்றாம் தடவை கோபிப்பார். இந்த விரிவுக்குச் சஞ்சாரி என்று பெயர். இதில் ஈடிணையற்றவர் என்று பெயர் பெற்றவர் பாலசரஸ்வதி (1918–1984). ஒரே அடி அவரிடம் எத்தனையோ முகங்கள் கொள்ளும் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

"அம்மாயி ஒரே கேள்வியை நூறு தடவை கேக்கறாங்கன்னு நீங்க எல்லாரும் சலிச்சுக்கறீங்க. எங்க டான்ஸ்ல ஒரே வரியை நூறு தடவை பாடினாத்தான் அர்த்தம் வெளியே வரும், தாத்தா" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"மணி அடிச்சாச்சா?" என்பதையே பல்லவியாக வைத்து ஆனந்தபைரவி ராகத்தில் அமைத்தார்கள். அழுகைக்கென்றே பழகிப்போன ராகங்களை அவள் வேண்டாமென்றுவிட்டாள். ஆனந்தபைரவி நாட்டுப்பாடலுக்கும் தாலாட்டுக்கும் நெருங்கியது. அக்கா பள்ளி ஆண்டு விழாக்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கும்மிப் பாட்டுகளோடும் ஒட்டும்.

பல்லவி ஐந்து முறை வருகிறது. முதல் முறை ஓர் ஆசிரியை பள்ளிக்குப் புறப்படுகிறாள். கொசுவம் மடிப்பது, கொண்டை முடிவது, குடையையும் வருகைப் பதிவேட்டையும் எடுப்பது, சுண்ணாம்புக் கட்டியை உடைத்துப் பார்ப்பது எல்லாம் முழுமையாக, நிதானமாக. இரண்டாம் முறை அவளே சிறுமியாகித் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு மரவள்ளிக் காட்டு வரப்பில் ஓடுகிறாள். மூன்றாம் முறை கேள்வி கேட்கும் தாயும் பதில் சொல்லிச் சலித்த மகளும் வருகிறார்கள். நான்காம் முறை கைகள் பாதியில் நிற்கின்றன. குடையை எடுத்த கை அதை என்ன செய்வதென்று தெரியாமல் காற்றில் காத்திருக்கிறது. ஐந்தாம் முறை கேள்விக் கை ஒன்று மட்டுமே மிஞ்சுகிறது.

வழக்கமான பதத்தில் ஒவ்வொரு தடவையும் பொருள் கூடிக்கொண்டே போகும். இங்கே மூன்றாம் முறைக்குப் பின் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று உதிர்ந்துகொண்டே போகிறது. முதலில் எல்லாவற்றையும் முழுதாகக் காட்டியதால்தான் பின்னால் எது போயிற்று என்று பார்ப்பவருக்குத் தெரிகிறது. நோயின் நிலையிலிருந்தே தொடங்கியிருந்தால் ஒரு நோயாளியைத்தான் பார்த்திருப்போம். ஓர் ஆசிரியையைப் பார்த்திருக்க மாட்டோம்.

ஒருவரே இருவராக

ஒரே ஆள் பல பாத்திரங்களாக மாறி நடிப்பது பரதநாட்டியத்தின் பழைய மரபு. ஏகாஹார்யம் என்பார்கள். உடை மாறாது. ஆடுபவர் உடம்பை வலப்புறம் திருப்பினால் தாய், இடப்புறம் திருப்பினால் மகள் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வார். பார்ப்பவர்களும் இரண்டு நிமிடத்தில் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த வழக்கத்தை நன்றாகப் பதியவைத்துவிட்டு, நான்காம் பல்லவியில் பேத்தி அதைக் குலைக்கிறாள். இடப்புறம் திரும்பியவுடன் மகளுடைய முகம் வரவேண்டும். வருவது தாயின் முகமே. தாய் மகளைப் பார்த்து, "அம்மா" என்று கூப்பிட்டு, குழந்தையைப் போலக் கைநீட்டுகிறாள். பார்ப்பவர்கள் ஒரு கணம் யார் தாய், யார் மகள் என்று தடுமாறுகிறார்கள். மறதி நோய் உள்ள வீட்டில் தினம் நடப்பது இதுதான். அந்தத் தடுமாற்றத்தை ஒரு டாக்டர் எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார். நடனத்தில் அதை நானே அனுபவித்தேன்.

செய்த தவறுகள்

முதல் வடிவம் நன்றாக இல்லை. கூன் விழுந்த முதுகு, நடுங்கும் தலை, தடுமாறும் நடை என்று மேடைக் கிழவியை ஆடிக் காட்டினாள். அவளுடைய தாயார் பார்த்துவிட்டு, "எங்கம்மா இப்படி இல்லியே கண்ணு. அவங்க நிமிர்ந்துதானே நடக்கறாங்க" என்றார்கள். அது உண்மை. அக்காவின் நடையில் இன்றும் ஆசிரியையின் மிடுக்கு உண்டு. முதுமை வேறு, மறதி நோய் வேறு. இரண்டையும் ஒன்றாக்கியது முதல் தவறு. அதன்பின் பேத்தி வாரம் ஒரு நாள் நோட்டும் பேனாவும் இல்லாமல் வந்து, அம்மாயி பக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து கவனித்தாள்.

இரண்டாவது தவறு ஒரு வாலிபர் கூடுகையில் ஆடிப் பார்த்தபோது தெரிந்தது. செருப்பை அரிசி டிரம்முக்குள் வைக்கும் காட்சிக்கு வாலிபர்கள் சிரித்துவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அவள் அந்தக் காட்சியை நீக்கவில்லை. அதற்கு முன்னால் அரை நிமிடம் சேர்த்தாள். செருப்பைத் துடைப்பது, துண்டில் சுற்றுவது, யாரும் எடுத்துவிடுவார்களோ என்று பார்ப்பது, வீட்டிலேயே பத்திரமான இடம் எது என்று யோசிப்பது. ஒரு காலத்தில் அரிசி டிரம்மில்தான் அக்கா சம்பளப் பணத்தை வைப்பார்கள். அடுத்த முறை யாரும் சிரிக்கவில்லை. செயலை மட்டும் காட்டினால் அது கோமாளித்தனம்; அதன் காரணத்தைக் காட்டினால் அங்கே ஒரு மனுஷி தெரிகிறாள்.

இந்த இடத்தில் எனக்கு டாக்டர் பால் பிராண்ட் நினைவுக்கு வந்தார். நம் நாமக்கல் சமவெளியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலையில், மிஷனெரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்தவர் அவர். குஷ்டரோகம் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், வேலூரில் நோயாளிகளின் கைகளைப் பொறுமையாகப் பார்த்து, உணர்ச்சியற்றுப்போன கைகள் தெரியாமல் படும் காயங்களாலேயே விரல்கள் அழிகின்றன என்று விளக்கினார். உற்றுப் பார்த்தபின் காரணம் வேறாக இருந்தது. மறதி நோயாளர் திருட்டுப் பழி சுமத்துவதும், குளிக்க மறுப்பதும், சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று அடம்பிடிப்பதும் அப்படித்தான். வைத்த இடம் நினைவில் இல்லாதவருக்குப் பொருள் திருடுபோனதாகத்தான் தோன்றும். தன்னைச் சுற்றியுள்ள முகங்கள் யாரென்று தெரியாதவருக்கு அது சொந்த வீடாகத் தோன்றாது.

மூன்றாவது காரியம், தவறு நேராமல் தடுத்தது. அக்காவிடம் முறையாக அனுமதி கேட்கும் நிலை கடந்துவிட்டது. ஆகவே குடும்பத்தார் கூடி எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று பேசினோம். குளியலறையில் நடப்பது மேடைக்கு வராது, பெயர் சொல்லப்படாது, படம் வைக்கப்படாது என்று முடிவு செய்தோம். தனக்காகப் பேச முடியாதவரின் மானம் நம் கையில் ஒப்புவிக்கப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

என் தவறு

இனி என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. "அவங்க இன்னும் வரலையா தம்பி?" என்று அக்கா கேட்பார்கள். நான் பொய் சொல்லலாகாது என்று, "மச்சான் இறந்து ஒன்பது வருஷமாச்சே அக்கா" என்று ஒவ்வொரு முறையும் திருத்தினேன். ஒவ்வொரு முறையும் அக்கா அப்போதுதான் கேள்விப்பட்டவர்களைப் போல அழுதார்கள். பத்து நிமிடத்தில் அழுததும் மறந்துபோகும். கேள்வி மறுபடி வரும். வேதாகமக் கல்லூரியில் பயின்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர் படுக்கையண்டையில் ஆறுதல் சொன்ன நான், சொந்தச் சகோதரியை ஒரே நாளில் நாலைந்து முறை விதவையாக்கியிருக்கிறேன்.

மூன்றாம் பல்லவியில் மகள் கோபத்தோடு பதில் சொல்லும் காட்சிக்குப் பேத்தி யாரைப் பார்த்துக் கற்றாள் என்று நான் கேட்கவில்லை. விரலை நீட்டித் திருத்தும் அந்தக் கை என்னுடையது. ஒத்திகையில் அதைப் பார்த்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இப்போது நான் பொய்யும் சொல்வதில்லை, திருத்துவதும் இல்லை. "மச்சானைத் தேடுதுங்களா அக்கா? அவங்களைப் பத்திச் சொல்லுங்க" என்கிறேன். அக்கா சொல்கிறார்கள். கல்யாணத்துக்குக் கூட்டுவண்டியில் வந்தது, சேலத்துக்குப் போனால் மறக்காமல் மாம்பழம் வாங்கி வந்தது எல்லாம் வரிசையாக வருகிறது. எனக்கே தெரியாத பல செய்திகளை இப்போதுதான் அறிகிறேன்.

நடனம் நோயைக் குணமாக்குமா?

ஆக்காது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2003-இல் நியூயார்க் நகரில் டாக்டர் ஜோ வர்கீஸ் குழுவினர் 75 வயதைக் கடந்த 469 பேரைச் சில ஆண்டுகள் கவனித்து வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி நடனமாடியவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்ததாகக் கண்டார்கள். உடலுழைப்பு வகைகளில் நடனத்துக்கு மட்டுமே அப்படித் தெரிந்தது. ஆயினும் நடனம்தான் நோயைத் தடுத்தது என்று அதைக் கொண்டு சாதித்துவிட முடியாது. நோய் உள்ளுக்குள் தொடங்கியவர்கள் ஆடுவதை முன்பே விட்டிருக்கவும் கூடும். எனினும் இசையும் அசைவும் நோயாளரின் பதற்றத்தைத் தணித்து, முகத்தில் தெளிவைக் கொண்டுவருவதை வீட்டிலேயே காணலாம்.

முதலில் செய்ய வேண்டியது டாக்டரிடம் காட்டுவதுதான். தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. "வயசாயிட்டா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும், காது மந்தமானால் கருவி பொருத்துவதும் இந்நோயின் அபாயத்தைக் குறைக்க உதவும். 1992-இல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் நோயாளர் சங்கம் நாட்டின் பல நகரங்களில் குடும்பத்தாருக்கு வழிகாட்டி வருகிறது. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனமும் மறதி நோய்க்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறது.

கேள்வி கேட்பவரைத் திருத்தாமல், அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலைக்குப் பதில் சொல்லுங்கள். எதிரே வந்து, கண் பார்க்கும்படி நின்று, சிறு வாக்கியமாகப் பேசுங்கள். அவருடைய கைகள் நெடுங்காலம் செய்துவந்த வேலையில் ஒன்றைக் கொடுங்கள். கீரை ஆய்வதோ, துணி மடிப்பதோ, பூக் கட்டுவதோ போதும். பழைய பாட்டுகளைப் பாடுங்கள். பராமரிக்கிறவருக்கு, அநேகமாக அது மகளோ மருமகளோதான், வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள். சபையில் இருக்கிற நாம் ஆளுக்கு ஒரு மத்தியானம் அந்த வீட்டில் போய் உட்கார்ந்தால் அது பெரிய உதவி.

மணி அடித்தது

நடனம் எப்படி முடிகிறது என்று சொல்லவில்லையே. ஐந்தாம் பல்லவிக்குப் பின் பாட்டு நின்றுவிடுகிறது. கேள்விக் கை மட்டும் உயர்ந்து நிற்கிறது. நீண்ட மௌனம். பிறகு நட்டுவாங்கம் செய்பவர் தாளக் கருவியை ஒரே ஒரு முறை தட்டுகிறார். மணி அடித்தாயிற்று. ஆடுபவளின் பாதம் தானாகத் தட்டத் தொடங்குகிறது. அது தட்டடவு, பரதம் பயிலும் குழந்தைக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. கடைசியில் உதிர்வது அதுவாகத்தான் இருக்கும் என்று பேத்தி தீர்மானித்திருந்தாள். தட்டு மெல்லத் திஸ்ர நடைக்கு மாறுகிறது, கைகள் சேர்கின்றன, கும்மி பிறக்கிறது. முகத்தில் யார் என்ற நினைவு இல்லை. ஆனால் மகிழ்ச்சி இருக்கிறது. அத்தோடு முடிகிறது.

நம் ஆஸ்பத்திரிச் சிற்றாலய மண்டபத்தில் சென்ற ஆண்டு அது ஆடப்பட்டபோது, நர்சுகளும் நோயாளரின் வீட்டாரும் நிறைந்திருந்தார்கள். அக்காவை அழைத்து வரவில்லை. கூட்டமும் ஒலிபெருக்கியும் அவர்களுக்குப் பயம் தரும். அதற்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அவர்களுக்கென்று ஒரு முறை ஆடிக் காட்டினாள். ஒலிநாடா ஒன்றும் இல்லை. நான்தான் தாளம் தட்டினேன். முதல் பகுதி முழுவதும் அக்கா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கும்மி தொடங்கியதும் திரும்பினார்கள். மடியிலிருந்த கைகள் எழுந்தன. சரியான இடத்தில் கைதட்டு விழுந்தது. என் தட்டுத்தான் ஓரிரு முறை தவறிற்று. பின்பு பேத்தியைக் கூர்ந்து பார்த்து, ஆசிரியைக் குரலில் சொன்னார்கள்:

"கண்ணு, கால் பிந்துது. முதல்லேர்ந்து ஆடு."

அவள் யாரென்று அக்காவுக்குத் தெரியவில்லை. அவள் கால் பிந்தியது தெரிந்தது. பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க டீச்சர்" என்று சொல்லி முதலிலிருந்து ஆடினாள். அக்கா திருப்தியோடு தலையசைத்தார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தம்பி, மணி அடிச்சாச்சா?" என்றார்கள்.

"இன்னும் நேரம் இருக்குதுங்க அக்கா. காப்பி குடிச்சுட்டுப் போலாம் வாங்க" என்றேன். வந்தார்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் இருந்தால், அடுத்த முறை கேட்கும்போது வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு ஊழியர்,
மருத்துவமனை ஆயர்